ஒரு மயிரும் வரல: இதை இங்கிலீசில் எப்படி எழுதுவது?

'இல்லை' என்பது ஒரே ஒரு சொல் என்று இலக்கணம் சொல்லும். நம் சனங்களைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். தாலுகா ஆபீசில் குனிந்த தலை நிமிராமல் குமாஸ்தா சொல்கிற இல்லை வேறு. அதே ஆபீசுக்கு ஆறு தடவை நடந்து வெறுங்கையோடு திரும்புகிற கிழவி சொல்கிற இல்லை வேறு. குமாஸ்தாவின் இல்லை கோப்பில் ஏறும். கிழவியின் இல்லை ஏறாது. ஏனென்றால் அவள் வெறுமனே இல்லை என்று சொல்லமாட்டாள். 'ஒரு மயிரும் இல்ல' என்பாள். அந்த மயிரை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் கோப்புக்குள் விடுவார்கள்.

இந்தக் கட்டுரை தமிழைப் பற்றியதல்ல, இங்கிலீசைப் பற்றியது. வெள்ளைக்காரன் வீட்டிலும் தெருவிலும் பேசுகிற இங்கிலீசில் மறுப்பை அழுத்திச் சொல்ல என்னென்ன சொற்கள் இருக்கின்றன, அவற்றை யார் சொன்னால் கெட்ட வார்த்தை, யார் சொன்னால் நாகரிகம் என்பதைப் பற்றியது. தமிழ் எம்.ஏ. படித்த ஒரு சேரிப் பொம்பளைக்கு இங்கிலீசு கெட்ட வார்த்தையில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் சனங்களின் வாக்குமூலத்தை இங்கிலீசுக்கு மாற்றுகிற வேலையில் சில வருசம் இருந்தேன். அங்கே வந்த சிக்கல்தான் இது.

1

நான் படித்த இங்கிலீசு அரசுப் பள்ளிக்கூடத்து இங்கிலீசு. ஆதிதிராவிடர் நல விடுதியில் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து மனப்பாடம் செய்தது. அந்த இங்கிலீசில் யாரும் கோபப்பட மாட்டார்கள். 'ஐ டூ நாட் நோ' என்பார்கள், முடிந்தது. ஒரு மனுசனுக்கு வயிறெரிந்து ஒன்றுமில்லை என்று சொல்லவேண்டி வந்தால் இங்கிலீசில் எப்படிச் சொல்வான் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

எம்.ஏ. முடித்த பிறகு வடமாவட்டத்தில் வன்கொடுமை வழக்குகளை ஆவணப்படுத்துகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். சனங்கள் பேசுவதை டேப்பில் பதிந்து, தமிழில் எழுதி, அப்புறம் இங்கிலீசில் அறிக்கையாக்க வேண்டும். தீவைத்துக் கொளுத்தப்பட்ட ஒரு காலனியில் ஒரு ஆயாவிடம் பேசினேன். எழுபது வயசு இருக்கும். கூரை போச்சு, ஆடு போச்சு, ரேஷன் கார்டு போச்சு. நிவாரணம் வந்ததா என்று கேட்டேன். "எழுதிக்க பாப்பா. பதினோரு மாசம் ஆவுது. ஒரு மயிரும் வரல" என்றாள்.

அதை நான் இங்கிலீசில் 'நத்திங் அட் ஆல்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த அறிக்கையில் அது 'போதுமான நிவாரணம் பெறப்படவில்லை' என்கிற பொருளில் மாறியிருந்தது. ஆயாவின் மயிர் போனதோடு நிற்கவில்லை, அவளுடைய இல்லையும் போய்விட்டது. 'போதுமான' என்று ஒரு சொல் உள்ளே புகுந்ததும் அதிகாரி என்ன சொல்வார்? 'கொஞ்சம் கொடுத்திருக்கிறோம், பாக்கி வரும்' என்பார். ஒரு பைசா கொடுக்காதவன் கொஞ்சம் கொடுத்தவன் ஆகிவிட்டான். கேட்டால், 'வெளிநாட்டில் படிக்கிற அறிக்கை, பண்பாக இருக்கவேண்டும்' என்று பதில் வந்தது.

'ஒரு மயிரும்' என்பது அலங்காரம் இல்லை, ஆயா அதை வாய்க்கொழுப்பில் சொல்லவும் இல்லை. அது ஒரு அளவு. பூச்சியத்துக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை என்று கோடு கிழிக்கிற சொல். கொஞ்சம் வந்தது, பாதி வந்தது, வரப்போகிறது என்கிற எல்லா சாக்குக்கும் அது கதவைச் சாத்துகிறது. அதை எடுத்தால் கதவு திறந்துகொள்ளும்.

2

பிறகு ஒரு தடவை இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்திருந்தாள். சுரங்கத் தொழிலாளி குடும்பத்துப் பெண். அவளிடம் இந்த ஆயாவின் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் விளக்கினேன். சிரித்துவிட்டு, 'எங்க தாத்தாவாக இருந்தால் பக்கர் ஆல் என்று சொல்லியிருப்பார்' என்றாள். எனக்கு வெளிச்சம் வந்தது அப்போதுதான். இங்கிலீசுக்கும் சேரி இருக்கிறது! நமக்குச் சொல்லித் தந்தவர்கள் ஊர்த்தெருவை மட்டும் காட்டிவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் தேடித் தேடிச் சேர்த்தேன். மாணவர்களுக்கு உதவும் என்பதால் வகைப்படுத்திச் சொல்கிறேன்.

முதல் வகை, ஒன்றுமில்லாததைக் காட்ட ஒரு அற்பப் பொருளைப் பிடித்துக்கொள்வது. 'நாட் எ டேம் திங்' என்பது இது. 'பக்கர் ஆல்', 'சாட் ஆல்' என்று பிரிட்டனில் சொல்வது இதுவே. இந்த இரண்டிலும் 'நாட்' என்கிற எதிர்மறையே கிடையாது, வசைச்சொல்லே எதிர்மறையாகிவிட்டது. அமெரிக்காவில் 'ஸ்குவாட்' என்று ஒரு சொல். 'அவனுக்கு ஸ்குவாட் தெரியாது' என்றாலும் 'அவனுக்கு ஸ்குவாட் தெரியும்' என்றாலும் அங்கே ஒரே பொருள்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. லாரன்ஸ் ஹார்ன் என்கிற மொழியியலார் இந்த வகைக்கு 'ஸ்குவாட்டிட்டிவ்' என்று பெயரே வைத்துவிட்டார். நாம் 'ஒரு மண்ணும் தெரியாது' என்கிறோம். 'அவனுக்கு மண்ணு தெரியும்' என்று சொன்னாலும் தெரியாது என்றுதானே அர்த்தம்? பெரியார் மேடைக்கு மேடை 'வெங்காயம்' என்றாரே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

இரண்டாவது, எதிராளி சொன்னதையே திருப்பி அடிப்பது. 'நீ போவாய்' என்று ஒருவன் சொன்னால் 'லைக் ஹெல் ஐ வில்' என்பது. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'போவேன்' என்று இருக்கும். பொருளோ 'செத்தாலும் போகமாட்டேன்'. 'மை ஃபுட்' என்பதும் இப்படித்தான். நம்மில் 'ஆமா, கிழிச்ச', 'புடுங்கின' என்று சொல்வோமே, அது.

மூன்றாவது, கேள்விக்கு நடுவில் நரகத்தைச் செருகுவது. 'வாட் த ஹெல்', 'ஹூ த ஹெல்'. கேள்வி மாதிரி இருக்கும், பதிலை எதிர்பார்க்காது. 'நீ யார்ரா கேக்கறதுக்கு' என்று நாம் கேட்டால் அவன் பேரைச் சொல்லவேண்டும் என்றா கேட்கிறோம்? உனக்கு உரிமை இல்லை என்கிறோம். மறுப்புதான் அங்கே கேள்வி வேசம் போட்டுக்கொண்டு வருகிறது.

நான்காவது, மறுப்பைப் பிளந்து நடுவிலே ஒரு சொல்லை ஆப்பு மாதிரி இறக்குவது. 'நோ பிளடி வே' என்பது இது. பிளடி அங்கே ரத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை, வெறும் அழுத்தம். ஆனால் அது இல்லாவிட்டால் அந்த 'முடியாது' சப்பென்று போய்விடும்.

இதிலே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். அழுத்துகிற சொல்லை ஒவ்வொரு சமூகமும் எங்கிருந்து எடுக்கிறது? இங்கிலீசுக்காரன் நரகத்திலிருந்து எடுக்கிறான். ஹெல், டேம் இரண்டும் பாதிரியார் கொடுத்தவை. 'டேம்' என்றால் கடவுள் உன்னை நரகத்துக்குத் தீர்ப்பிடட்டும் என்று அர்த்தம். நாம் எங்கிருந்து எடுக்கிறோம்? 'என்ன எழவுடா இது', 'ஒரு எழவும் புரியல', 'என்ன கருமாந்திரம்'. எழவிலிருந்தும் கருமாதியிலிருந்தும் எடுக்கிறோம். எழவுச் சேதி சொல்லப் போனது யார்? எழவுக்குப் பறையடித்தது யார்? குழி வெட்டியது யார்? ஊர்க்காரன் தன் வீட்டுச் சாவை நம் தலையில் கட்டினான். அப்புறம் அந்தச் சாவின் பேரையே வெறுப்பைக் காட்டுகிற சொல்லாக்கி, அதைப் பேசுகிறவன் சேரியான் என்றும் சொன்னான்.

3

இனி இந்தச் சொற்களின் பிறப்பைப் பார்க்கலாம். பண்டிதர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், பொத்திக்கொள்ளட்டும்.

'நாட்' என்கிற சொல் இன்றைக்குச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, பைபிளில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? பழைய இங்கிலீசில் எதிர்மறைக்கு 'நெ' என்கிற சின்னச் சொல்தான் இருந்தது. 'ஒரு பொருளும்', 'ஒரு பிராணியும்' என்று அழுத்துவதற்காக அதோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துச் சொன்னார்கள். 'நெ' தேய்ந்து காணாமல் போனது. அழுத்த வந்தது நிலைத்துவிட்டது. அதுதான் 'நாட்'. பிரெஞ்சுக்காரனின் 'பா' என்கிற எதிர்மறையும் இப்படித்தான். அதற்கு 'அடி' என்று பொருள், காலால் எடுத்து வைக்கிற அடி. 'ஒரு அடியும் நடக்கமாட்டேன்' என்று சொல்லிச் சொல்லி அடி என்பதே இல்லை என்றாகிவிட்டது. இன்றைக்குப் பேச்சு பிரெஞ்சில் பழைய 'நெ'யை விழுங்கிவிட்டு 'பா'வை மட்டும் சொல்கிறார்கள். பழைய பிரெஞ்சில் துளியும் ரொட்டித் துணுக்கும் கூட இந்த வேலையைச் செய்தன. நம் 'ஒரு பருக்ககூட இல்ல' மாதிரி.

டென்மார்க்குக்காரரான ஓட்டோ எஸ்பர்சன் 1917இல் எதிர்மறையைப் பற்றி ஒரு நூல் எழுதி இந்தச் சுழற்சியை விளக்கினார். எதிர்மறைச் சொல் நாள்பட நாள்பட நைந்துபோகும், மக்கள் அதற்கு முட்டுக்கொடுக்க வேறொரு சொல்லைக் கொண்டுவருவார்கள், கடைசியில் முட்டே சுவராகும். சாதாரண சனங்கள் ஆத்திரத்தில் சேர்த்த சொல்தான் நாளைக்கு இலக்கணம். இன்றைய கண்ணியமான 'நாட்', நேற்றைய 'ஒரு மண்ணும்' தான். இது தெரிந்தால், கொச்சை என்று எதையும் ஒதுக்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கவேண்டி வரும்.

4

ஆனால் ஒதுக்கினார்கள். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் இலக்கணப் புத்தகம் எழுதியவர்கள், இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். 1762இல் முதலில் வந்த தம் இலக்கணத்தை ராபர்ட் லவுத் அடுத்த பதிப்பில் திருத்தியபோது இந்த விதியையும் சேர்த்தார். பிறகு லண்டன் பிஷப் ஆனவர் அவர். சாசர் காலத்துக் கவிதையில் எதிர்மறைகள் இரண்டும் மூன்றுமாக அடுக்கி வரும். அவை ஒன்றையொன்று ரத்து செய்யவில்லை, ஒன்றுக்கொன்று பலம் கொடுத்தன. பிஷப்பின் கணக்குப் பள்ளிக்கூடத்தைப் பிடித்தது. தொழிலாளி, பண்ணையாள், அடிமை ஆகியோரின் இங்கிலீசு அடுக்கு எதிர்மறையோடு வெளியே நின்றது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் 'டோன்ட் நோபடி நோ நத்திங்' என்கிற மாதிரி அடுக்குவார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது. மூன்று பூட்டுப் போட்ட இல்லை. இதற்குக் கறாரான விதிகள் உண்டு, தோன்றியபடி பேசுவதல்ல என்று வில்லியம் லபோவ் 1960களின் கடைசியிலும் 1972இலும் எழுதிக் காட்டினார். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் சார்பாக வழக்கே நடந்தது. வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது அவர்களுடைய வீட்டு மொழியைப் பள்ளி நிர்வாகம் கணக்கில் எடுக்கவேண்டும் என்று 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். அதே மாதக் கடைசியில் ஜேம்ஸ் பால்ட்வின், கறுப்பின இங்கிலீசு ஒரு மொழியல்ல என்றால் மொழி என்பதுதான் என்ன என்று கேட்டு நியூயார்க் டைம்சில் கட்டுரை எழுதினார்.

1972இல் பம்பாயில் நம்மவர்கள் தங்கள் அமைப்புக்கு தலித் பேந்தர் என்று பேர் வைத்தபோது பேரை மட்டும் கடன் வாங்கவில்லை. 'எங்கள் வாயை நீங்கள் கழுவி விடவேண்டாம்' என்கிற தைரியமும் சேர்ந்து வந்தது. அதே வருசம் வந்த நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' காமாட்டிபுரத்துத் தெருமொழியை மராத்திக் கவிதைக்குள் அப்படியே கொண்டுவந்தது. தமிழில் 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. எழுத்துத் தமிழிலிருந்து விலகி எங்கள் தெருப்பேச்சில் ஒரு புத்தகத்தை முழுக்க எழுதலாம் என்பதை எனக்குக் காட்டியது அதுதான்.

5

இங்கிலாந்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லவேண்டும். பெர்னாட்ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் 1914 ஏப்ரலில் லண்டன் மேடைக்கு வந்தது. தெருவில் பூ விற்கிற எலைசா என்கிற பெண்ணுக்கு ஒரு புரொபசர் உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்துச் சீமாட்டியாக மாற்றப் பார்க்கிறார். பெரிய வீட்டுத் தேநீர் விருந்துக்குக் கூட்டிப்போய்ச் சோதிக்கிறார்கள். பூங்கா வழியாக நடந்து போகிறாயா என்று ஒருவன் கேட்கிறான். அவள் சுத்தமான உச்சரிப்பில், 'பிளடி' சேர்த்து, அதெல்லாம் நடக்காது என்கிறாள். அரங்கமே அதிர்ந்தது, பத்திரிகைகளில் அமளி. உச்சரிப்பை மாற்ற முடிந்தது, அவள் 'மாட்டேன்' சொல்கிற விதத்தை மாற்ற முடியவில்லை.

இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். அதே விருந்தில் இருக்கிற கிளாரா என்கிற மேல்தட்டுப் பெண், இது ஏதோ புது நாகரிகம் என்று நினைத்து, போகும்போது தானும் 'பிளடி' சேர்த்துப் பேசிவிட்டுப் போகிறாள். பூக்காரி சொன்னால் அவள் பிறப்பு வெளியே தெரிந்துவிட்டது என்று பொருள். கிளாரா சொன்னால் ஃபேஷன். 1956இல் இந்தக் கதையை 'மை ஃபேர் லேடி' என்று இசை நாடகமாக்கியபோது 'பிளடி'க்கு அதிர்ச்சி தருகிற பலம் போயிருந்தது. அதனால் குதிரைப் பந்தயக் காட்சி ஒன்றை வைத்து அங்கே வேறொரு சொல்லைக் கொடுத்தார்கள்.

சென்னையில் கிளாராக்களுக்குப் பஞ்சமில்லை. கல்லூரி கேன்டீனில், கம்பெனி லிஃப்டில் போய் நின்று கேளுங்கள். 'வாட் த ஹெல்', 'ஐ டோன்ட் கிவ் எ டேம்', 'பிளடி' என்று தாராளமாக ஓடும். இன்னும் கனமான சொற்களும் ஓடும். யார் முகமும் சுளிக்காது. அதே லிஃப்டில் துப்புரவு வேலைக்கு வந்த நம் அக்கா, 'சம்பளம் ஒரு மயிரும் ஏத்தல' என்று சொல்லட்டும், அன்றைக்கே மேஸ்திரிக்குப் புகார் போகும். இரண்டு பேரும் செய்தது ஒரே இலக்கணச் செயல். ஒன்று தீட்டில்லாத கெட்ட வார்த்தை, இன்னொன்று தீட்டு.

பின்னாளில் கற்ற மொழியில் வசைச்சொல் அவ்வளவாக உறைப்பதில்லை, தாய்மொழியில்தான் உறைக்கும் என்று ஜான் மார்க் தெவேல் பல மொழி பேசுகிறவர்களை ஆராய்ந்து 2004இல் எழுதினார். அது சரிதான். ஆனால் நம் ஊரில் உறைப்பு மொழியை மட்டும் பொறுத்ததல்ல. யாருடைய வாய் என்பதைப் பொறுத்தது.

தமிழ் இலக்கணம் இதற்குத் தயாராகவே இருந்தது. தொல்காப்பியம் 'அவையல் கிளவி'யை மறைத்துச் சொல்லவேண்டும் என்றது. நன்னூல் 'இடக்கரடக்கல்' என்று அதற்குத் தனி இடமே ஒதுக்கியது. பிற்பாடு 'இழிசனர் வழக்கு' என்று ஒரு முத்திரையும் வந்தது. எம்.ஏ. வகுப்பில் இவற்றைப் படிக்கும்போது நான் யோசித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான். அவைக்கு ஆகாத சொல் என்கிறார்களே, அந்த அவைக்குள் எங்களை விட்டார்களா? இத்தனைக்கும் திருக்குறளிலேயே மயிர் வருகிறது. மானம் என்கிற அதிகாரத்தில், நிலைதாழ்ந்தவரைத் தலையிலிருந்து விழுந்த மயிருக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். வள்ளுவர் சொன்னால் உவமை, எங்க ஆயா சொன்னால் ஆபாசம்.

6

இதெல்லாம் மொழி ஆராய்ச்சி, போராட்டத்துக்கு என்ன பயன் என்று தோழர்கள் கேட்பார்கள். காவல் நிலையத்துக்கு வாருங்கள்.

1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் வந்தது. பொது இடத்தில் சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) பிரிவின்படி தனிக் குற்றம். அப்படியானால் என்ன சொல்லித் திட்டினான் என்பது புகாரில் இருந்தாக வேண்டும். எழுதுகிற ஏட்டு என்ன செய்கிறார்? 'அசிங்கமான வார்த்தைகளால் திட்டினார்' என்று எழுதி முடித்துக்கொள்கிறார். 'அதையெல்லாம் எப்படிம்மா எழுதறது' என்று நமக்கே பண்பாடு சொல்லித்தருவார். அப்படியே ஆபாசச் சொல்லுக்கான பிரிவில் வழக்குப் போடுவார். முன்னே இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 296. சாதிப்பேர் காகிதத்தில் ஏறாததால் வன்கொடுமைப் பிரிவு கோர்ட்டில் கால் ஊன்ற முடியாமல் போகும். திட்டியவனின் சொல்லையும் பண்பாட்டின் பேரால் மறைத்தாயிற்று, திட்டு வாங்கியவளின் சொல்லையும் மறைத்தாயிற்று. மறைத்ததில் லாபம் யாருக்கு?

வாய்மொழியாகச் சொன்னதை எழுதியபின், கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் சொன்னவருக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பது அதிகாரியின் கடமை. அதே திருத்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. படித்துக் காட்டும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். உங்கள் இல்லை உங்கள் இல்லையாக இருக்கிறதா என்று பாருங்கள். நிவாரணம் ஏழு நாளைக்குள் கொடுக்கவேண்டும் என்று 2016இல் திருத்திய விதி சொல்கிறது. பதினோரு மாசத்துக்கு அப்புறம் 'ஒரு மயிரும் வரல' என்று சொன்ன ஆயா சட்டத்துக்கு வெளியே நின்று பேசவில்லை. சட்டம் மீறப்பட்டதை அளந்து சொன்னாள்.

அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரையில் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள் ஜாத் பாத் தோடக் மண்டலத்தார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்று பதில் எழுதினார் அவர். மாநாடு நின்றது. உரை 'சாதி ஒழிப்பு' என்று புத்தகமாக வந்தது. அந்தக் காற்புள்ளியைக் கவனியுங்கள். ஆயாவின் மயிர் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. இருப்பதிலேயே சிறியதைக் காட்டி, அதைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டேன் என்பது. பாரிஸ்டருக்குக் காற்புள்ளி, ஆயாவுக்கு மயிர். மறுப்பு ஒன்றுதான்.

7

எல்லாக் கெட்ட வார்த்தையும் கலகம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிற ஆண் தோழர்கள் சிலர் இருக்கிறார்கள். மேடையில் கலகம் என்று பேசிவிட்டு வீட்டில் பொண்டாட்டியை அதே சொல்லால் திட்டுவார்கள். நம் வசையில் பாதி தாயின் உடம்பிலும் பெண்ணின் உறுப்பிலும்தான் போய் நிற்கிறது. இங்கிலீசிலும் அப்படியே. 'பக்கர்' என்கிற சொல் ஒரு காலத்தில் பல்கேரியாக்காரரை, மதத்துரோகிகளைக் குறித்தது, பிறகு ஆணோடு கூடும் ஆணைக் குற்றவாளியாக்குகிற சொல்லானது. அதைச் சொல்லிச் சிரிக்கிறவனுக்கு இது தெரியாது. 'பறையா' என்கிற நம் பேரே 17ஆம் நூற்றாண்டில் இங்கிலீசுக்குள் போய், ஒதுக்கப்பட்டவன் என்று பொருளாகிவிட்டது. ஒதுக்கப்பட்ட நாட்டைக்கூட 'பறையா ஸ்டேட்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. தெரு நாய்க்கும் அந்தப் பேர். வெறுப்பை அழுத்துவதற்கு உலகம் எடுத்துக்கொண்ட சொற்களில் நம் உடம்பும் இருக்கிறது.

ஆகவே பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். இன்னொருத்தியை, இன்னொரு சாதியை, இன்னொரு உடம்பை மிதித்து ஏறுகிற அழுத்தம் நமக்கு வேண்டாம். மண், மயிர், பருக்கை, துரும்பு, செல்லாக்காசு, இவை யாரையும் மிதிக்கவில்லை. இல்லாததை இல்லை என்று உறுதியாகச் சொல்கின்றன. இவற்றை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

மொழிபெயர்க்கிற தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம் சனங்கள் 'ஒரு மண்ணும்' என்று சொன்னால் இங்கிலீசில் 'நாட் எ டேம் திங்' என்று எழுதுங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் 'நத்திங்' என்றாவது எழுதுங்கள். 'போதுமான', 'உரிய', 'முறையான' என்கிற சொற்களைச் சனங்கள் சொல்லாமல் நீங்களாகச் சேர்க்காதீர்கள். மேலே இருக்கிறவர் திருத்தினால் டேப்பைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தமிழில் அவள் சொன்னதை அப்படியே தமிழ் எழுத்தில் கீழே அச்சிடச் சொல்லிக் கேளுங்கள்.

விடுதிகளில் இங்கிலீசு படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. சலாம் போடுகிற இங்கிலீசை மட்டும் படிக்காதீர்கள். தயவுசெய்து, மன்னிக்கவும், நன்றி என்பதை எல்லோரும் சொல்லித் தருவார்கள். முடியாது என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று நீங்களாகத்தான் தேடிக் கற்கவேண்டும். அமெரிக்க இளைஞர்கள் வியட்நாம் போருக்குப் போகமாட்டோம் என்று தெருவில் நின்றபோது 'ஹெல் நோ' என்றுதான் கத்தினார்கள். வெறும் 'நோ' அவர்களுக்குப் போதவில்லை. நமக்கும் போதாது.